தாத்தாவின் டிரங்குப் பெட்டித் தாள்களை கொலாஜில் ஒட்டலாமா?

பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், தீப்பெட்டி லேபிள்கள், பஸ் டிக்கெட்டுகள், மளிகைக் கடைச் சீட்டுகள் கிடைத்தன, இவற்றை வைத்து சுவரில் மாட்டும்படி கொலாஜ் (தாள் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) செய்ய ஆசை, எதை ஒட்டலாம், எந்தப் பசை, நாளடைவில் பழுப்பேறி உதிர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்ற தாளை ஒட்டாதீர்கள், அதன் நகலை ஒட்டுங்கள். ஆயிரக்கணக்கில் அச்சான தாளை அசலாகவே தைரியமாக வெட்டுங்கள். பசை, பிரேம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனவே முதல் வேலை பிரிப்பது. பத்திரம், பட்டா, வரி ரசீது, ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், பென்ஷன் தாள் இவற்றைக் கண்டால் நேராக பீரோவுக்கு அனுப்பிவிடுங்கள். முத்திரைத்தாளின் படமும் அந்தக் காலத்துக் கையெழுத்தும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நிலத்தை விற்கப் போகும்போதோ வங்கியில் அடமானம் வைக்கும்போதோ மூலப் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். அதன் ஒரு மூலை உங்கள் ஹாலில் பிரேமுக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஓலைச்சுவடி இருந்தால் அதையும் தொடாதீர்கள்.

மீதியை வெட்டுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். எந்தக் காலத்துத் தாள் என்று தெரிந்தால் எதோடு எதைச் சேர்ப்பது என்பதும் தெரிந்துவிடும். தேதி இல்லாத சீட்டிலும் துப்பு இருக்கும். ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியாகக் கணக்கு எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். வீசை, பலம், படி என்று சாமான் வாங்கியிருந்தால் மெட்ரிக் அளவு கடைகளில் ஊன்றுவதற்கு முந்திய சீட்டு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'மதராஸ் ஸ்டேட்' என்று அச்சிட்ட லெட்டர்ஹெட் 1969 ஜனவரிக்கு முந்தைய அச்சாக இருக்கும், மீந்துபோன தாள்கட்டை அதற்கப்புறமும் சிக்கனமாக எழுதித் தீர்த்தவர்கள் உண்டு. பஸ் டிக்கெட்டில் பல்லவன், சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்று போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருந்தால் 1997க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் அரசு அந்தப் பெயர்களை எல்லாம் எடுத்தது.

அச்செழுத்தும் காலம் சொல்லும். துதிக்கை வைத்த லை, னை, ணை, சுழித்துச் சேர்ந்த றா, னா இவை இருந்தால் அநேகமாக 1978க்கு முந்தைய அச்சு. அந்த ஆண்டுதான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. பெரியாரின் பத்திரிகைகளில் 1935லேயே புது எழுத்து வந்துவிட்டது, சின்ன அச்சகங்களில் பழைய அச்சுகள் தேயும்வரை ஓடின என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கொலாஜுக்கு இந்தப் பழைய 'லை'யைவிட நல்ல சாமான் கிடையாது. பெரிதாக்கி நகலெடுத்தால் ஒரே எழுத்து ஒரு முழு ஓவியத்தைத் தாங்கும்.

கடிதங்களுக்கு வருகிறேன். அவை எல்லாமே ஒற்றைப் பிரதிகள். அதனால் ஸ்கேன். சாதாரணக் கடிதத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். லேபிள், டிக்கெட் போன்ற சின்னத் தாளை 600ல் எடுங்கள், பிறகு இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் உடையாது. பின்பக்கத்தையும் எடுங்கள். இன்லேண்ட் லெட்டரில் மடிப்போரத்தில் இடம் பிடித்து நெருக்கி எழுதிய கடைசி இரண்டு வரிதான் பெரும்பாலும் உண்மையான சேதி. கம்பியில் குத்தி வைத்த கடிதம் என்றால் நடுவில் ஓட்டையும் அதைச் சுற்றித் துருக்கறையும் இருக்கும். அதை கம்ப்யூட்டரில் அழித்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஒரு கட்டுக் கடிதங்களின் நகல்களை எடுத்து, ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வருமாறு அடுக்கி ஒட்டினால் அந்தக் கம்பி இல்லாமலே கம்பி தெரியும்.

இன்னொரு யோசனை. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி இருக்கும். தாத்தாவின் 'உ' ஒரு மாதிரி, அத்தையின் 'உ' ஒரு மாதிரி, கணக்குப்பிள்ளை போட்டது கோடு நீண்டு வேறு மாதிரி. நகலிலிருந்து சுழியை மட்டும் சதுரமாக வெட்டி, வரிசை வரிசையாக ஒட்டுங்கள். வேறு எதுவும் வேண்டாம். ஒரு குடும்பத்தின் கையெழுத்துகள் அத்தனையும் அதில் வந்துவிடும், யாருடைய அந்தரங்கமும் சுவரேறாது. இந்த இரண்டாவது விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடன் கேட்டு எழுதியது, மருமகளைப் பற்றி எழுதியது எல்லாம் அந்தக் கடிதக் கட்டுக்குள் இருக்கும், வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று படிப்பார்கள்.

பயணச்சீட்டையும் லேபிளையும் ஒட்டிப் படம் செய்வது புதிதல்ல. ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912ல் செய்தித்தாளையும் சுவர்த்தாளையும் படத்தில் ஒட்டினார்கள். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக் குர்ட் ஷ்விட்டர்ஸ் முதல் உலகப் போர் முடிந்த கையோடு டிராம் டிக்கெட், மிட்டாய்த்தாள், கிழிந்த விளம்பரம் என்று தெருவில் கிடந்ததை எல்லாம் பொறுக்கி ஒட்டினார், 1919ல் அதற்கு மெர்ஸ் என்று பெயரும் வைத்தார். ஆனால் இதற்காக ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. ரவிவர்மாவின் அச்சகம் 1894ல் பம்பாயில் தொடங்கியது. அங்கிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களை வாங்கிய வீடுகளில் சேலை வரும் இடத்தில் நிஜத் துணியை ஒட்டி, ஜரிகையும் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்தார்கள். ராஜஸ்தானின் நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி (அந்த ஊர்க் கோயில் கிருஷ்ணர்) படத்துக்குப் பக்கத்தில் பக்தர்களின் முகத்தை போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டி, உடம்பை மட்டும் ஓவியர் வரைந்தார். மிக்ஸட் மீடியா என்று இன்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். பாரிஸ் தபால் முத்திரையும் ஈஃபில் கோபுரமும் அச்சிட்ட 'விண்டேஜ்' தாள் பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே.

சரி, பழுப்பேறும் விஷயம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து தாள் மரக்கூழில் செய்யப்பட்டது. மரத்தில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுக்கும். மை பரவாமல் இருக்கச் சேர்த்த படிகாரம் அமிலத்தை உண்டாக்கி நாரைத் துண்டு துண்டாக்கும். அதனால்தான் செய்தித்தாள் மடித்த இடத்திலேயே ஒடிகிறது. பிக்காசோ ஒட்டிய செய்தித்தாளே பழுப்பாகிவிட்டது, நாம் எம்மாத்திரம். செய்தித்தாள் துணுக்கு என்றால் நகலைப் பயன்படுத்துங்கள், இல்லை என்றால் அது பழுக்கும் என்று தெரிந்தே ஒட்டுங்கள். அந்த அமிலம் பக்கத்துத் தாளுக்கும் ஏறும், அதனால் நல்ல தாளுக்கும் அதற்கும் நடுவே இடம் விடுங்கள். அடித்தளத்துக்குக் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை வேண்டாம், அதுவும் அமிலம் உள்ளதுதான். பருத்தித் துணிக்கழிவில் செய்த கைத்தாள் நல்லது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959லிருந்து இதைச் செய்கிறது, கனமான தாளும் கிடைக்கும்.

ஒட்டுவதற்கு முன் மையைச் சோதிக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து, ஓரத்தில் ஒரு புள்ளியில் வைத்து எடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தாளுக்கு ஈரப்பசை ஆகாது. லெட்டர்பிரஸ், லித்தோ அச்சுகள் எண்ணெய் மை, பொதுவாகத் தாங்கும். பவுண்டன் பேனாவின் ராயல் புளூ கரைந்து ஓடும். பால்பாயிண்ட் தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட் கலந்த வார்னிஷ் பட்டால் கசியும். ரப்பர் ஸ்டாம்ப் ஊதாவை நம்பவே நம்பாதீர்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது காப்பியிங் பென்சில். அந்தக் காலத்து ஆபீஸ்களில் அழியாமல் இருக்க அதில் எழுதினார்கள். சாதாரணப் பென்சில் எழுத்து மாதிரி சாம்பலாகக் கிடக்கும், ஒரு சொட்டு ஈரம் பட்டதும் கத்திரிப்பூ நிறத்தில் பொங்கிப் பரவும். தெரிந்து செய்தால் அதுவே அருமையான விளைவு, நகலில் அது வராது, எழுதாத ஓரத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தால் அங்கே முயன்று பார்க்கலாம்.

இப்போதைய பஸ் டிக்கெட், கடை பில் எல்லாம் வெப்பத்தில் அச்சாகிறவை. அவை தானாகவே வெளுத்துப் போகும், பசையில் சில கரைப்பான்கள் இருந்தால் கறுத்துப் போகும். ஸ்கேன் தவிர வழியில்லை.

பசை. நம் வீடுகளில் கவர் ஒட்டச் சோற்றுப் பருக்கைதான், பைண்டிங் கடையில் மைதாப் பசை. இரண்டையும் ராமபாணப் பூச்சி தேடி வரும். அதற்காகப் பைண்டர்கள் மைதாவில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தார்கள். நீங்கள் கலக்காதீர்கள். அது விஷம், போதாததற்கு தாமிரம் தாளையே அரிக்கும். மைதாவுக்குப் பதில் சோளமாவில் (கார்ன்ஃப்ளோர்) காய்ச்சுங்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறுதீயில் கிளறி, கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கி, வடிகட்டி ஆறவிட வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். இதன் பெரிய லாபம், எப்போதாவது பிரிக்க வேண்டி வந்தால் ஈரப்படுத்திப் பிரித்துவிடலாம். மெத்தில் செல்லுலோஸ் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது, பூச்சி வராது, கறை விடாது, பிடிப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை ஒட்டினால் ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. நகல்களுக்கும் கெட்டி அட்டைக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அசலுக்கு வேண்டாம். செல்லோ டேப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பெட்டிக்குள்ளேயே அது விட்ட மஞ்சள் கறையைப் பார்த்திருப்பீர்கள்.

சுருக்கம் விழுவது பசையின் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். தாள் நனைந்தால் ஒரு திசையில்தான் அதிகம் விரியும். செய்தித்தாளை மேலிருந்து கீழ் கிழித்தால் நேராகவும் குறுக்கே கிழித்தால் கோணலாகவும் வருவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள், நேராகக் கிழிகிற திசையில்தான் நார் ஓடுகிறது. அதற்குக் குறுக்கேதான் தாள் விரியும். பசை தடவியதும் அவசரப்பட்டு ஒட்டாமல், விரிந்து முடியும் வரை ஓரிரு நிமிஷம் விட்டுவிடுங்கள். அப்புறம் நடுவில் வைத்து ஓரத்தை நோக்கித் தடவுங்கள். மேலே மெழுகுத்தாள் போட்டு, கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி வையுங்கள். அட்டை வளைந்தால், பின்பக்கம் அதே கனத்தில் ஒரு தாளை ஒட்டினால் நிமிர்ந்துவிடும்.

ஈரம் தாங்காத தாளைத் தைக்கலாம். மெல்லிய ஊசி, பருத்தி நூல், தையலுக்குத் தையல் அரை சென்டிமீட்டராவது இடைவெளி. நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டைகள் வரிசையாகி அங்கேயே கிழியும்.

அசலின் படத்தை மட்டும் துணிக்கோ மரத்துக்கோ மாற்றவும் ஒரு வழி உண்டு. லேசர் ஜெராக்ஸ் எடுத்து, அக்ரிலிக் ஜெல் மீடியம் தடவிய பரப்பில் முகம் குப்புற ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு ஈரவிரலால் தேய்த்தால் தாள் உரிந்து மை மட்டும் நிற்கும். இன்க்ஜெட்டில் இது சரியாக வராது. ஜெராக்ஸ் எடுக்கும்போதே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்து எல்லாம் இடவலம் மாறி நிற்கும்.

தீப்பெட்டி லேபிள்களுக்கு வருவோம், உங்கள் பெட்டியில் அசலாகவே தைரியமாகப் பயன்படுத்தக்கூடியவை பெரும்பாலும் இவைதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து 1923ல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். லேபிளும் காலண்டரும் அச்சடிக்கும் லித்தோ அச்சகங்கள் அங்கே அதையொட்டிப் பெருகின. மரச்சீவல் பெட்டியில் ஒட்டிய லேபிளாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டால் தானாக வழுக்கி வரும். இழுக்காதீர்கள். சிவப்பு மட்டும் சிலவற்றில் கசியும், முதலில் ஒன்றைச் சோதியுங்கள். ஒரே லேபிள் நிறைய இருந்தால் சுவர்த்தாள் போல நெருக்கி ஒட்டிப் பின்னணியாக்கலாம். எண்ணிக்கை கூடும்போதுதான் அந்த மட்டமான அச்சின் அழகு தெரிகிறது, ஒன்றில் புலியின் கண் சரியாக விழுந்திருக்கும், அடுத்ததில் நிறம் விலகிக் காதில் விழுந்திருக்கும். சேகரிப்பவர்கள் தேடும் அரிய லேபிள் ஒற்றையாகக் கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவிய மஞ்சளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். விட்டுவிடுங்கள், அதுதான் அந்தப் பத்திரிகையின் உயிர். இரண்டு எச்சரிக்கை. மஞ்சள் வெயிலில் வேகமாக வெளுக்கும். காரத்தன்மை உள்ள எது பட்டாலும் சிவக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பு வருகிற அதே சங்கதி. அமிலத்தைப் போக்குவதற்காக விற்கும் ஸ்பிரேயை இதன்மேல் அடித்தால் மூலையில் ரத்தக்கறை மாதிரி ஆகிவிடும். கருமாதிப் பத்திரிகை கிடைத்தால் அது கொஞ்சம் அபூர்வம், வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று படித்ததும் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். ஒட்டும் முன் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், கலை என்று வாதாடி ஜெயிக்க முடியாது.

படத்தின் அமைப்பு பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம் சொல்கிறேன். பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே படத்தில் போடாதீர்கள். ஒரு வருஷம், ஒரு ஆள், அல்லது ஒரு ஊர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அணாவும் நயா பைசாவும் ஒன்றாகப் புழங்கிய 1957ஆம் வருஷத்து மளிகைச் சீட்டுகள் கிடைத்தால் கடைக்காரர் இரண்டு கணக்கையும் போட்டுத் திணறியிருப்பது அதிலேயே தெரியும், அதுவே ஒரு படத்துக்குப் போதும். டீ டிகாஷனில் முக்கிப் புதுத்தாளைப் பழசாக்கும் வேலையும் வேண்டாம். டிகாஷனில் அமிலம் இருக்கிறது, அதோடு அந்தப் பழுப்பு எங்கும் ஒரே சீராக இருந்து பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். உண்மையில் பழசான தாள் ஓரத்தில் கறுத்து, நடுவில் வெளிறி, மடிப்பில் கிழிந்து இருக்கும்.

ஒட்டத் தொடங்கும் முன் பூச்சியைக் கொல்ல வேண்டும். தாள்களைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சை இருந்தால் முகமூடி போட்டுக்கொண்டு, வெளியே நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.

பிரேம் போடும் கடையில் கவனமாக இருங்கள். சாமி படத்துக்குப் போடுவது போலத் தாளைக் கண்ணாடியோடு அழுத்தி, பின்னால் பிளைவுட் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், பிளைவுட்டுக்கும் படத்துக்கும் நடுவே கைத்தாள் ஒன்று வையுங்கள். வெயில் விழாத உள்சுவரில் மாட்டுங்கள். படத்தின் பின்னால் எந்தத் தாள் யாருடையது, எது அசல், எது நகல் என்று பென்சிலில் எழுதிவிடுங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. கடிதம் உங்களிடம் இருந்தாலும் அதன் காப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். இந்தியாவில் ஓவியத்துக்கு ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. கோவில்பட்டியில் இருந்து காலண்டர் படங்கள் வரைந்த கொண்டையராஜு இறந்தது 1976ல், ஆகவே அவர் படத்தை நகலெடுத்து ஒட்டி விற்பதற்கு முன் யோசியுங்கள். வீட்டுச் சுவருக்கு என்றால் இந்தக் கவலை தேவையில்லை.

எஞ்சிய தாள்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டாம். நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், பழைய அழைப்பிதழ்கள் கட்டாக இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் துண்டுத் தாள்களையும் வைத்து 1994ல் தொடங்கியது அது. மாறாக உங்களுக்கே தாள் போதவில்லை என்றால் அதே பழைய பேப்பர் கடைக்குப் போங்கள். கல்யாணப் பத்திரிகை, டைரி, கணக்கு நோட்டு வந்தால் கட்டைப் பிரிக்காமல் தனியே எடுத்து வைக்கச் சொல்லி, கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், எடுத்து வைப்பார்கள்.